ஐந்து தோட்டாக்களின் கணக்கு: குட்டைக் குழல் ரிவால்வருக்கான தோட்டாவும் நிரப்பும் முறையும்

1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரின் தெற்குப் புறத்தில் இரண்டு கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் காரோடு வளைத்தார்கள். கார்கள் மோதிக்கொண்டதில் ஜான் ஹான்லன் என்ற அதிகாரியின் .357 ரிவால்வர் எங்கோ விழுந்து தொலைந்தது. அவரிடம் மிஞ்சியது கையிருப்பாக வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 36. கைக்குள் அடங்கும் சிறு ரிவால்வர், ஐந்து தோட்டா. ஐந்தையும் சுட்டு முடித்துவிட்டு மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவர் கையிலேயே குண்டு பாய்ந்தது. சற்றுத் தள்ளி நின்ற மற்றோர் அதிகாரி கார்டன் மெக்னீலுக்கும் கையில் அடிபட்டிருந்தது. காலியான ரிவால்வரை அவரால் நிரப்பவே முடியவில்லை. அன்று அதிகாரிகளில் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள்.

சண்டையை முடித்துவைத்தவர் எட்மண்டோ மிரெலெஸ் என்ற அதிகாரி. ஒரு கை சிதைந்த நிலையில், மறு கையால் ரிவால்வரைப் பிடித்து ஆறு முறை சுட்டார். அந்த ரிவால்வர் .357 மேக்னம் வகை. ஆனால் அதற்குள் இருந்தவை மேக்னம் தோட்டாக்கள் அல்ல, அவற்றைவிட மென்மையான .38 ஸ்பெஷல் பிளஸ் பி தோட்டாக்கள்.

சிறிய ரிவால்வரை வைத்திருப்பவர் யோசிக்கவேண்டிய இரண்டு கேள்விகளும் இந்தச் சம்பவத்தில் இருக்கின்றன. உள்ளே எந்தத் தோட்டாவைப் போடுவது? அது தீர்ந்தபின் என்ன செய்வது? பலரும் முதல் கேள்வியைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை யோசிப்பதே இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும், கிடைப்பதில் பலமான தோட்டாவே நல்ல தோட்டா என்ற நினைப்பு இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது என்பதையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

துப்பாக்கியை முதலில் பார்ப்போம். 1927இல் கோல்ட் நிறுவனம் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற இரண்டங்குலக் குழல் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆறு தோட்டா. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற இன்னும் சிறிய ரிவால்வரை வெளியிட்டது. அதில் ஐந்துதான். மாடல்களுக்கு எண் சூட்டும் வழக்கம் வந்தபோது இதுவே மாடல் 36 ஆனது. 1963 நவம்பரில் டல்லாஸ் காவல் நிலையத்தில், அமெரிக்க அதிபரைக் கொன்றதாகக் கைதான ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுடும் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அவர் கையில் இருப்பது கோல்ட் 'கோப்ரா', அதாவது டிடெக்டிவ் ஸ்பெஷலின் அலுமினியக் கலவை வடிவம்.

எஃகுச் சட்டம் கொண்ட மாடல் 36இன் எடை ஏறக்குறைய 550 கிராம். அலுமினியச் சட்டம் கொண்ட 'ஏர்வெயிட்' வகைகள் 420 கிராம் அளவில் இருக்கும். ஸ்கேண்டியம் கலந்த சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட 340 பிடி என்ற மாடல் 340 கிராமைத் தாண்டாது. சட்டைப்பையில் கிடந்தால் கனமே தெரியாது. அந்த வசதிக்கான விலையைச் சுடுபவரின் உள்ளங்கை கொடுக்கிறது. துப்பாக்கியின் எடை குறையக் குறைய அதே தோட்டாவின் உதை கூடிக்கொண்டே போகும்.

குழலின் நீளம் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம், ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. வெடிமருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுவதற்கு இருக்கும் இடம் அவ்வளவுதான். நான்கு அல்லது ஆறு அங்குலக் குழலில் அளந்த வேகத்தைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால், அந்த எண் சிறிய ரிவால்வருக்குப் பொருந்தாது. மேக்னம் தோட்டாக்களில் இழப்பு இன்னும் பெரிது. அவற்றின் மருந்தில் ஒரு பகுதி குழலுக்கு வெளியே போய் நெருப்பாகவும் பேரோசையாகவும் செலவாகிறது.

இந்த வேகக் குறைவு வெறும் எண் விவகாரம் அல்ல. தற்காப்புத் தோட்டாக்களில் பெரும்பாலானவை ஹாலோ பாயிண்ட் வகை. குண்டின் மூக்கில் ஒரு குழி இருக்கும். உடலுக்குள் நுழைந்ததும் அந்தக் குழி விரிந்து குண்டு அகல வேண்டும் என்பது ஏற்பாடு. விரிவதற்குக் குறிப்பிட்ட வேகம் தேவை. மெதுவாகப் போகும் குண்டின் குழியில் சட்டைத் துணி அடைத்துக்கொண்டால் அது விரியாமல் சாதாரணக் குண்டாகவே போய்விடும். இன்னொரு பக்கம், வேகத்தைக் கூட்டுவதற்காக மிக இலேசாகச் செய்யப்பட்ட குண்டுகள் சீக்கிரமே விரிந்து ஆழம் போகாமல் நின்றுவிடலாம். மயாமி சம்பவத்துக்குப் பின் எஃப்.பி.ஐ. வகுத்த சோதனை முறையில், பத்து சதவீத ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை, அதாவது 30 முதல் 46 சென்டிமீட்டர் வரை, போக வேண்டும். இந்த ஆழமும் வேண்டும், விரிவும் வேண்டும் என்றால் குட்டைக் குழலில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

இந்தச் சிக்கலுக்கு மூன்று விதமான விடைகள் சந்தையில் இருக்கின்றன.

முதலாவது பழையது. 158 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேல், எடையுள்ள உறையில்லா ஈயக்குண்டு. மூக்கில் குழி, விளிம்பில் கூர்மை, மருந்து பிளஸ் பி அளவு. 1970களில் எஃப்.பி.ஐ. இதைக் கையாண்டதால் இன்றைக்கும் 'எஃப்.பி.ஐ. லோட்' என்றே துப்பாக்கிக்காரர்கள் சொல்கிறார்கள். ஈயம் மென்மையானது என்பதால் செம்பு உறை போட்ட குண்டைவிடக் குறைந்த வேகத்தில் விரியும். விரியாவிட்டாலும் கனம் இருப்பதால் ஆழம் போகும். மிரெலெஸின் ரிவால்வரில் இருந்ததும் இந்த எடைக் குண்டுதான்.

இரண்டாவது, குட்டைக் குழலுக்கென்றே செய்தது. ஸ்பியர் நிறுவனத்தின் கோல்ட் டாட் வரிசையில் 135 கிரெய்ன் பிளஸ் பி தோட்டா ஒன்று உண்டு. அதன் வேகத்தை 1.9 அங்குலக் குழலில் அளந்து, நொடிக்கு 860 அடி என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. அகன்ற குழி, குறைந்த வேகத்திலும் விரியும்படி அமைத்த உறை. பெட்டியின் மேல் இருக்கும் எண் தன் துப்பாக்கிக்கு நெருக்கமான குழலில் அளந்ததா என்று பார்ப்பது வாங்குபவருக்கு நல்ல பழக்கம்.

மூன்றாவது பலருக்கும் வியப்பைத் தரும். அது வாட்கட்டர். காகித இலக்குகளில் வட்டமாக, சுத்தமாகத் துளை விழவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட தட்டை முனைக் குண்டு அது. எடை வழக்கமாக 148 கிரெய்ன். வேகம் குறைவு, உதையும் குறைவு. விரிவதை நம்பாத குண்டு என்பதால் துணி அடைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. தட்டை முனையோடு போதிய ஆழம் போய்விடும். 420 கிராம் துப்பாக்கியில் பிளஸ் பி தோட்டாவை ஒரு பெட்டி சுட்டவருக்குக் கை வலிக்கும். அதே துப்பாக்கியில் வாட்கட்டரைச் சுடும்போது இரண்டாவது, மூன்றாவது குண்டுகளும் குறியில் விழுகின்றன. மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்கள், முதியவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் ஆகியோருக்கு இதுவே சிறந்த தேர்வு என்று தயங்காமல் சொல்லலாம்.

பிளஸ் பி பற்றி ஒரு விளக்கம் தேவை. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்கள் ஏற்றுக்கொண்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. பிளஸ் பி என்றால் 20,000 வரை. .357 மேக்னத்துக்கு 35,000. மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூடு .38 கூட்டைவிடச் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பலம் குறைந்த .38 ரிவால்வருக்குள் அதைத் தவறியும் நுழைக்க முடியக் கூடாது. எதிர்த்திசையில் தடையில்லை, .357 ரிவால்வரில் .38 தோட்டாவைச் சுடலாம். பழைய .38 ரிவால்வர் கையில் இருந்தால், பிளஸ் பி போடலாம் என்று அதன் கையேட்டில் அல்லது குழலின் மேல் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எழுதியிராவிட்டால் சாதாரண அழுத்தத் தோட்டாவோடு நின்றுகொள்வதுதான் முறை.

340 பிடி போன்ற மிக இலேசான துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடுகளும் அதோடு பின்னால் இழுபடுகின்றன. கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் மடிப்பை கிரிம்ப் என்பார்கள். அது போதுமானதாக இல்லையென்றால் குண்டு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொள்ளும். பிறகு சிலிண்டர் சுற்றாது. துப்பாக்கி அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். இதைக் களத்தில் சரிசெய்ய எளிய வழி கிடையாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஐந்து தோட்டாவையும் நிரப்பு, நான்கைச் சுடு, ஐந்தாவதை வெளியே எடுத்து அதன் நீளத்தை அளந்து பார். சுடுவதற்கு முன் அளந்த நீளமே இருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும். இதிலிருந்து வேறான எச்சரிக்கையாக, 120 கிரெய்னுக்குக் குறைந்த எடையுள்ள .357 குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 340 பிடியின் குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். இத்தகைய எச்சரிக்கைகள் அலங்காரத்துக்காகப் பொறிக்கப்படுவதில்லை.

குறி பார்ப்பதிலும் குண்டின் எடைக்குப் பங்கு உண்டு. ரிவால்வரில் கனமான குண்டு இலேசான குண்டைவிட மேலே தட்டும். கனமான குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் உதை குழலை மேலே தூக்கிவிடுகிறது. சிறிய ரிவால்வர்களின் குறிமுனைகள் பெரும்பாலும் அசைக்க முடியாதவை. 158 கிரெய்னுக்கு ஒத்திசைத்த முனையில் 110 கிரெய்ன் சுட்டால் அடி கீழே விழும். எனவே ஒருவர் எந்தத் தோட்டாவைச் சுமக்கப் போகிறாரோ அதையே ஏழு மீட்டர் தூரத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

.38 மட்டுமே வழி என்பதும் இல்லை. அதே அளவுள்ள சட்டத்தில் .32 வகைத் தோட்டாக்களுக்கு ஆறு அறைகள் வைக்கலாம். .32 எச் அண்ட் ஆர் மேக்னத்தில் உதை .38 பிளஸ் பியைவிடத் தெளிவாகக் குறைவு. .327 ஃபெடரல் மேக்னம் ரிவால்வரில் பழைய .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவையும் சுடலாம். கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பயன்படுத்துவதும் இந்த லாங் தோட்டாவைத்தான்.

அடுத்தது கூடுகளை வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் கலை. இந்தியாவில் வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லவேண்டிய ஒன்று: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. இனி வருவது அமெரிக்கா போல, சொந்தப் பயன்பாட்டுக்குக் கூடு நிரப்புவதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளுக்கானது.

சுட்டு முடித்த தோட்டாவில் வீணாவது குண்டும் மருந்தும் அடியில் இருக்கும் பிரைமரும் மட்டுமே. விலை கூடிய பகுதியான பித்தளைக் கூடு அப்படியே இருக்கிறது. .38 ஸ்பெஷல் கூடு நேரான சுவர் கொண்டது, அழுத்தமும் குறைவு. அதனால் ஒரே கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம். கூட்டைச் சுத்தம் செய்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, டை எனப்படும் அச்சில் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து எரிந்த பிரைமரைத் தள்ளுவது, வாயைச் சற்று விரிப்பது, புதுப் பிரைமரை அழுத்துவது, மருந்து இடுவது, குண்டை அமர்த்துவது, கடைசியில் கிரிம்ப் போடுவது என்று வேலை நகர்கிறது. தொடங்குபவர்களுக்கு .38 வாட்கட்டரைவிட நல்ல பாடம் வேறு கிடையாது.

அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தும் அந்தக் கூட்டிலிருந்தே வருகிறது. .38 ஸ்பெஷல் பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். கூட்டின் நீளம் கருமருந்துக் காலத்து அளவு. இன்றைய புகையில்லா மருந்து கூட்டின் அடியில் சிறிதளவு இடத்தையே பிடிக்கும். தவறி இரண்டு முறை மருந்து இட்டாலும் வெளியே வழியாது, கண்ணிலும் படாது. இரட்டை மருந்து துப்பாக்கியை வெடிக்கச் செய்யும். நேரெதிரான தவறு, மருந்தே இடாமல் விடுவது. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அதனால் ஐம்பது கூடுகளையும் பலகையில் நிறுத்தி, மருந்து இட்டபின் ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு அடித்துப் பார்த்த பிறகுதான் குண்டை அமர்த்த வேண்டும். சுடும்போது வழக்கத்தைவிடச் சத்தம் அமுங்கிக் கேட்டால் உடனே நிறுத்திவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும்.

எந்த மருந்து எத்தனை கிரெய்ன் என்பதை இந்த நூல் வேண்டுமென்றே தரவில்லை. லைமன், ஹார்னடி, ஸ்பியர் போன்றோர் வெளியிடும் கையேடுகளும் மருந்து உற்பத்தியாளர்களின் பட்டியல்களும் அதற்காகவே இருக்கின்றன. குண்டின் வகை மாறினால், பிரைமர் மாறினால், குண்டு அமரும் ஆழம் மாறினால் அளவும் மாறும். நண்பர் சொன்ன எண்ணை நம்பி நிரப்புவது துப்பாக்கியையும் விரல்களையும் பணயம் வைப்பதாகும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா இருக்கட்டும். கண்ணாடி அணிய வேண்டும். ஈயம் தொட்ட கையோடு உண்ணக் கூடாது.

ரிவால்வருக்கு மட்டுமே உரிய ஒரு கவனமும் உண்டு. பிரைமர் கூட்டின் அடிப்பகுதியைவிடத் துளி உயர்ந்து நின்றாலும் சிலிண்டர் சுற்றும்போது பின்சுவரில் உரசி நின்றுவிடும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். டிரிகரை மென்மையாக்க வேண்டி ஸ்பிரிங்கைத் தளர்த்தியவர்களுக்கு, ஹேமரின் அடி போதாமல் சில பிரைமர்கள் வெடிக்காமல் போவதும் உண்டு. ஃபெடரல் பிரைமர்கள் இலேசான அடியிலும் வெடிப்பவை என்பதால் அவர்களில் பலர் அவற்றையே தேடி வாங்குகிறார்கள்.

வீட்டில் நிரப்பியதைப் பயிற்சிக்குச் சுடுங்கள், தற்காப்புக்குக் கடையில் வாங்கியதை வையுங்கள் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஒரு காரணம் நம்பகம். இன்னொன்று நீதிமன்றம். சுட்ட தூரத்தைக் கணிக்க வெடிமருந்துத் துகள்களின் படிவை ஆய்வகம் பார்க்கும். கடைத் தோட்டாவாக இருந்தால் அதே பெட்டியை வாங்கிச் சோதித்து ஒப்பிடலாம். வீட்டில் நிரப்பியதில் எவ்வளவு மருந்து இருந்தது என்பதற்கு நிரப்பியவரின் குறிப்பேட்டைத் தவிரச் சாட்சி இல்லை.

இனி சிலிண்டரை நிரப்புவது. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் ஐந்து நிமிடத்துக்குள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆறு தோட்டாவையும் சுட்டுவிட்டு, இடுப்புப் பையிலிருந்து உதிரித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தபோது உயிரிழந்தார். அதற்குப் பின் அந்தக் காவல்துறை, எல்லாத் தோட்டாக்களையும் ஒரே சமயத்தில் இடும் ஸ்பீட்லோடர்களுக்கு மாறியது.

சிறிய ரிவால்வரில் நிரப்புவது பெரியதைவிடக் கடினம். குழல் குட்டை என்பதால் அதன் அடியில் இருக்கும் எஜெக்டர் கம்பியும் குட்டை. அதைத் தள்ளினால் காலிக் கூடுகள் முழுதாக வெளியே வருவதில்லை. அதனால் குழல் வானத்தைப் பார்க்கும்படி துப்பாக்கியை நிமிர்த்தி, கம்பியை உள்ளங்கையால் ஒரே அடியாக ஓங்கி அடிக்க வேண்டும். கூடுகளின் கனமே அவற்றை இழுத்துக் கீழே போடும். படுக்கைவாட்டில் பிடித்து மெதுவாகத் தள்ளினால் ஒரு கூடு நழுவி, கூடுகளைத் தூக்கித் தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அதை நகத்தால் நோண்டி எடுப்பதற்குள் நேரம் ஓடிவிடும். கூடுகள் விழுந்ததும் குழலைத் தரையை நோக்கிச் சாய்த்துப் புதியவற்றை இட வேண்டும்.

ஸ்பீட்லோடர் ஐந்தையும் ஒரே சமயத்தில் தரும். எச்.கே.எஸ். வகையில் குமிழைத் திருக வேண்டும், சஃபாரிலேண்ட் வகையில் அழுத்தினால் போதும். இரண்டுமே பையில் உருண்டையாகத் துருத்தும். துப்பாக்கியின் கைப்பிடி அகலமாக இருந்தால் லோடர் அதில் இடித்து உள்ளே போகாது, இடப்பக்கக் கைப்பிடியைச் செதுக்கிச் சரிசெய்பவர்களும் உண்டு. பியாங்கி ஸ்பீட் ஸ்ட்ரிப் என்பது ரப்பர் பட்டை. தோட்டாக்கள் வரிசையாகச் செருகியிருக்கும், பணப்பை போலத் தட்டையாகச் சட்டைப்பையில் கிடக்கும். இரண்டு இரண்டாகத்தான் நிரப்ப முடியும் என்பதால் சற்று மெதுவானது. ஆனாலும் வீட்டில் விட்டுவிட்டு வரும் ஸ்பீட்லோடரைவிடப் பையில் இருக்கும் பட்டை மேல்.

தோட்டாத் தேர்வு இந்த இடத்தில் திரும்பவும் குறுக்கே வரும். வாட்கட்டரின் முனை தட்டை, பெரும்பாலும் கூட்டின் வாயோடு சமமாக இருக்கும். பதற்றத்தில் ஐந்தையும் ஐந்து ஓட்டைகளுக்கு நேரே வைப்பது கடினம். விளிம்பில் இடித்து நிற்கும். மூக்கு உருண்ட அல்லது கூம்பிய குண்டு தானாக வழி கண்டு உள்ளே சரியும். அதனால் அனுபவசாலிகள் சிலர் துப்பாக்கிக்குள் வாட்கட்டரையும், கையிருப்பில் கூம்பு மூக்கு ஹாலோ பாயிண்டையும் வைக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் தட்டுகின்றனவா என்று முன்பே சுட்டுப் பார்த்திருந்தால் இது நல்ல ஏற்பாடு.

இரண்டு தோட்டா மட்டும் இட்டுவிட்டு மூடவேண்டிய நிலை வந்தால், சிலிண்டர் எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இடப்புறமாகவும் கோல்ட் வலப்புறமாகவும் சுற்றும். டிரிகரை இழுக்கும்போது ஹேமருக்கு நேரே நிற்கும் அறை நகர்ந்து அடுத்த அறைதான் வெடிக்கும். காலி அறைகள் முதலில் வந்துவிடாதபடி மூட, வெடிக்காத டம்மித் தோட்டாக்களை வைத்து வீட்டிலேயே பழகலாம். பழகும் இடத்தில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது, குழல் எப்போதும் பாதுகாப்பான திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டைப்பையில் சுமப்பவர்கள் வாரம் ஒரு முறை தோட்டாக்களை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. நூல்பிசிறும் தூசியும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடியில் சேரும், பழைய பல்துலக்கி ஒன்று போதும் அதைத் துடைக்க. எண்ணெயை அங்கே கொட்டக் கூடாது, கசிந்து பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். .357 ரிவால்வரில் .38 தோட்டாவையே சுட்டுவருபவர்கள் அறையின் உட்புறத்தில் படியும் கரி வளையத்தையும் பித்தளைத் தூரிகையால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீளமான மேக்னம் கூடு உள்ளே முழுதாகப் போகாது. டைட்டானியம் சிலிண்டராக இருந்தால் சுரண்டும் பொருள் எதுவும் வேண்டாம், அதன் மேற்பூச்சு போய்விட்டால் உலோகம் அரிக்கத் தொடங்கும்.